மூலை இல்லாத எழுத்து

பிலோமி,

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதாமல் டைப் மெஷினில் அடிக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே நான் யார்மேல் கோபமாக இருக்கிறேன் என்று நீ சொல்லிவிடுவாய். மெஷின் எழுத்தில் அது தெரியாது. நாளைக் காலை எழும்பூர் வண்டியில் நீ ஏறும்போது, உன் பெட்டியில் மேலாக மடித்து வைத்த சேலைக்கு அடியில் இது இருக்கும். செங்கல்பட்டு தாண்டிய பிறகு எடுத்துப் படி. அதற்கு முன்னால் படித்தால் வழியில் திண்டிவனம் ஸ்டேஷன் வரும். அந்த ஊரைப் பார்த்துக்கொண்டே நீ இதைப் படிப்பதில் எனக்கு விருப்பமில்லை. சிரிக்காதே. எனக்கு அப்படித்தான்.

கம்பெனிக்காரர்கள் சோதனைக்காகப் பொருத்திய அச்சுகள் இன்னும் நம் மெஷினில்தான் இருக்கின்றன. ஆகவே நீ படித்துக்கொண்டிருப்பது நீ வரைந்த எழுத்து. உன் எழுத்தில் உனக்கே எழுதுகிறேன். இப்படி ஒரு வாய்ப்பு விழுப்புரத்தில் வேறெந்தத் தகப்பனுக்கும் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தாளை உருளையில் ஏற்றினேன். இருபது வருஷமாக விசைகளைத் தட்டுகிறவன் நான். இன்றைக்கு ஒவ்வொரு எழுத்து விழும்போதும் குனிந்து பார்க்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை கதவருகே வந்து நின்றுவிட்டு, "புதுசா கத்துக்கிற பையனாட்டம் இன்னாத்த பாத்துக்கினு இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த எழுத்துக்கு மூலை கிடையாது. ப-வைப் பார், மூன்று கோட்டில் நிற்கிற எழுத்து, ஆனால் கோடு திரும்புகிற இடத்தில் கூழாங்கல் போல வளைகிறது. ட-வும் அப்படித்தான். கோடு முடிகிற இடத்தில் வெட்டுப்பட்டதுபோல் நிற்காமல் தேய்ந்த பென்சில் முனைபோல உருண்டு முடிகிறது. எந்த எழுத்தும் கண்ணைக் குத்தாது. இன்னொன்று, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். மூன்று சுழி ண-வுக்கும் ஒல்லியான துணைக்காலுக்கும் மெஷின் ஒரே அளவு இடம்தான் தருகிறது. ஒரு விசையைத் தட்டினால் உருளையைச் சுமக்கிற வண்டி ஒரு படி நகரும். பெரிய எழுத்து வந்திருக்கிறது என்று ஒன்றரைப் படி நகராது. அச்சுக்கூடத்தில் அப்படியில்லை. அங்கே ஈய எழுத்துகள் தங்கள் உடம்புக்கு ஏற்றபடி இடம் எடுத்துக்கொள்ளும். மெஷினில் ண ஒடுங்கி உட்கார வேண்டும், ர கைகாலை விரித்து உட்கார வேண்டும். இந்த ஒழுங்கு எனக்கு எப்போதும் பிடித்திருந்தது. உலகத்தில் எனக்குக் கிடைக்காத நியாயம் அந்த உருளையின்மேல் இருக்கிறது என்று நினைப்பேன்.

என் கதையில் பாதி உனக்குத் தெரியும், மீதியை உன் அம்மா மாற்றிச் சொல்லியிருப்பாள். நான் பி.ஏ. படித்துவிட்டுத் திண்டிவனம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். அண்ணனுக்கு மல்லாட்டைக் கொல்லையும் கிணறும், எனக்குப் படிப்பு என்று உன் தாத்தா பங்கு பிரித்தார். கிணறு இன்றைக்கும் இறைக்கிறது. என் படிப்பு தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்தது. ஐம்பதுகளின் கடைசியில் ஆபீசுகளில் தமிழ் வரப்போகிறது என்றார்கள், இரண்டு தமிழ் மெஷின்கள் வந்து இறங்கின. ஒன்றின் எழுத்து கூர்மையானது. ஒவ்வொரு கோடும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக முடியும். மற்றது உருண்டை எழுத்து. தலைமை குமாஸ்தா சதாசிவம் இரண்டிலும் ஒரு வரி அடித்துக் காட்டச் சொன்னார். உருண்டை எழுத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னாய்யா பி.ஏ., இது எழுத்தா, எண்ணெயில போட்ட போண்டாவா? சர்க்கார் நோட்டீசுன்னா படிக்கிறவனுக்கு ஒரு பயம் வரவேணாம்? இதப் பாத்தா பசிதான் வருது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொருவரின் பெயரும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உருண்டை மெஷின் பழைய கட்டுகள் அடுக்கிய அறைக்குப் போயிற்று. கூர் மெஷினில் நான் உட்கார்ந்தேன்.

தாளில் அடிக்கும்வரை தொந்தரவில்லை. பல பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சிலில்தான் தெரிந்தது. உன்னிடம் டைப் பயின்றவர்களுக்கு நீ எத்தனை முறை விளக்கியிருக்கிறாய்! நாடாவை ஒதுக்கிவிட்டு மெழுகுத்தாளின் மேல் அச்சு நேராகப் போய் விழும். மெழுகு விலகிய இடத்தில் மை இறங்கும். இங்கிலீஷில் சுழி குறைவு. தமிழில் ண, ன, ஞ, ழ, கொம்பு என்று எங்கே பார்த்தாலும் சுழி. கூர் எழுத்து மெழுகை விலக்காது, வெட்டும். சுழியைச் சுற்றி வெட்டினால் நடுவில் உள்ள துண்டு உதிர்ந்துவிடும். அந்தப் பொத்தலில் மை கொட்டி, சுழி இருந்த இடமெல்லாம் கறுப்புப் பொட்டாகும். பிரம்மதேசம் பக்கத்து ஏரி மதகு விஷயமாக ஊர் ஊராக அனுப்பிய நோட்டீஸ் அப்படித்தான் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்கள் இரண்டு விவசாயிகள். "சாமி, இதுல எறும்பு மொச்சிக்கினு கீது, இன்னா எழுதிக்கீதுன்னு நீங்களே படிச்சிச் சொல்லிடுங்க" என்றார் ஒருவர். தாசில்தார் காதில் அது விழுந்தது. உருண்டை மெஷினை எடுத்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது என்று நான் காரணத்தோடு சொன்னேன். சதாசிவம் கேட்கவில்லை. எழுத்தில் குறையில்லை, டைப்பிஸ்டின் கை கனம் என்று எனக்கு மெமோ கொடுத்தார். பி.ஏ. படித்தவனுக்குக் கை கனம் என்று மெமோ! அதை வாங்கிய மாதமே வேலையை விட்டேன். உன் அம்மா அதற்காக என்னோடு எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாள் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்.

விழுப்புரத்தில் ஸ்டேஷன் சாலையில் டைப் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தபோது, வேண்டாத சாமான் என்று அந்த ஆபீஸ் ஏலம் போட்டதில் இந்த உருண்டை மெஷினை நான்தான் எடுத்தேன். வேறு யாரும் கேட்கவில்லை. அவர்கள் தூக்கிப்போட்டதை வைத்தே பிழைத்துக் காட்டுகிறேன் என்ற வீம்பில் எடுத்தேன். அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எனக்கு ஓர் அளவே இல்லாமல் போயிற்று. மனு, ரசீது, மாதா கோயில் திருநாள் அறிக்கை என்று பங்குச் சாமியார் முதல் ரைஸ்மில்காரர்வரை கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் அடித்தேன். கிராமத்து நில அடங்கல் கணக்குபோல் பத்தி பத்தியாக வருவதற்கு இதைவிடப் பொருத்தமான எழுத்தே கிடையாது. எல்லாம் ஒரே அகலம் என்பதால் மேலே உள்ள எண்ணுக்கு நேர்கீழே எண் நிற்கும், கோடு போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் நான் அதோடு நிற்காமல் உன் அத்தை கல்யாணப் பத்திரிகையையும் இதிலேயே அடித்து சைக்ளோஸ்டைலில் உருட்டிப் பிரதி எடுத்தேன். அச்சுக்கூடத்துப் பூவும் கொடியும் என்னத்துக்கு, நம் எழுத்தே அழகு என்று எல்லோரிடமும் சொன்னேன். பிரம்மதேசத்து மாமாவுக்கு அப்போது வரப்புத் தகராறில் ஒரு வழக்கு. பத்திரிகை கொண்டுபோன ஆள் நீட்டிய தாளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஆளு ஊர்ல இல்லன்னு சொல்லுடி" என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. பிறகு கேட்டால், "கோர்ட்டு சம்மன்னு நெனச்சிட்டேன்டா. எவன்டா கல்யாணத்துக்கு சம்மன் அடிச்சி அனுப்புவான்?" என்றார். அந்த மாமாவோடு நான் அதற்குப் பிறகு சரியாகப் பேசியதில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்டு. ஒரே அகலத்தில் வரிசை கட்டி நிற்கிற எழுத்து எதைச் சொன்னாலும் சர்க்கார் சொல்வதுபோலத்தான் இருக்கும். வா என்று அழைத்தாலும் ஆஜராகு என்றுதான் கேட்கும்.

இதை எனக்குப் புரியவைத்தது மாமா அல்ல, நீதான். உனக்கு அப்போது பதினாலு வயதிருக்கும். மெஷினில் புள்ளி வண்டியை நகர்த்தாது, அதனால் முதலில் புள்ளியைத் தட்டி அதன்பிறகுதான் எழுத்தைத் தட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் பள்ளி நோட்டிலும் நீ முதலில் புள்ளி வைத்துவிட்டு அதற்கடியில் எழுத்தை எழுதுவாய். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பி, "இந்தப் பொண்ணு வானத்துல நட்சத்திரத்த வச்சிட்டு அப்புறம் வீடு கட்டுது சார்" என்று புகார் சொன்னார்கள். நான் உன்னைத் திட்டவில்லை. என்மேல் குற்றம் சொல்ல வந்தவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது, அதனால் உன் பக்கம் நின்றேன், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் கட்டம் போட்ட தாளில் நீ ஏதோ வரைந்துகொண்டிருந்தாய். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. "இன்னாடி இது, கோலமா?" என்றேன். "இல்லப்பா. இந்த மெஷின்ல ர பாவமா நிக்குதுப்பா. ரெண்டு பக்கமும் வெத்து எடம், காணாமப் போன பிள்ளையாட்டம். ண-வப் பாரு, சந்தை பஸ்ல நசுங்கின மாதிரி கீது. எடம் சமமா குடுத்தா மட்டும் பத்துமா?" என்றாய். எடம் சமமாகக் கொடுத்தால் மட்டும் பத்துமா! நான் நியாயம் என்று நினைத்து மகிழ்ந்திருந்ததைப் பள்ளிக்கூடப் பெண் நீ ஒரு கேள்வியில் பிரித்துப் போட்டுவிட்டாய்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நீ அதை விடவில்லை. ர-வின் மேல்கோட்டை நீட்டி, காலை இடப்பக்கம் மெதுவாக வளைத்து, அதன் கட்டத்தில் அது குடியிருப்பதுபோல் செய்தாய். ண-வின் மூன்று சுழியையும் ஒரே உயரத்தில் நிறுத்தாமல், நடுச்சுழியைத் தாழ்த்தி, கடைசிச் சுழியை நேர்கோட்டோடு கலக்கவிட்டாய். உள்ளே காற்று போக இடம் கிடைத்தது. யானைத் துதிக்கை போட்ட லை-யும் னை-யும் பக்கத்து எழுத்தின் தலையில் முட்டும் என்பதால் துதிக்கையைத் தாழ்த்தி முன்னால் படுக்கவைத்தாய். எந்தச் சுழியையும் முழுதாக மூடாமல் மயிரிழை அளவு திறந்து வைத்தாய். அது எதற்கு என்று கேட்டதற்கு, "மூடாட்டி துண்டு எப்பிடிப்பா உழும்?" என்றாய். வரிசை கலையவில்லை, அகலம் மாறவில்லை, ஆனால் அந்தச் சம்மன் முகம் போய்விட்டது. ஆபீஸ்காரர் ஒருவர் நல்ல மனுஷராகவும் இருந்தால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தது. அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் எழுத்தில் பார்த்தேன்.

மெட்ராசிலிருந்து மெஷின் கம்பெனி ஆள் ஒருவர் உதிரிப்பாகம் விற்க வந்தார். சுவரில் நீ ஒட்டியிருந்த கட்டத்தாள்களைப் பார்த்துவிட்டு, வாங்கி வைத்த காப்பியைக் குடிக்கவே மறந்துபோனார். தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சில மாதங்கள் கழித்து உன் எழுத்தை அச்சாகவே வார்த்துக் கொண்டுவந்து நம் மெஷினில் பொருத்தினார். கம்பெனியில் கூர் எழுத்துதான் வேண்டும் என்று பாதிப்பேர் சொல்கிறார்களாம். கூர் மெஷின் இருக்கிற ஓர் ஆபீசில் இரண்டையும் வைத்து ஸ்டென்சில் எடுத்துப் பார்த்து, அந்த ஆபீஸ் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட அறிக்கை கொடுத்தால், உன் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள், எழுத்து வரைகிற பிரிவில் உனக்கும் வேலை தருவார்கள். எந்த ஆபீஸ் என்று கேட்டேன். திண்டிவனம் தாலுகா ஆபீஸ் என்றார். பொறுப்பாளர் யார் என்று கேட்டேன். சதாசிவம் என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன் ஏழு வருஷம் அந்த ஆளின் பேனா முனையில் போய்த் தொங்குகிறதே என்று பொறுக்கவில்லை. அதே சமயம், இத்தனை வருஷம் கழித்து அவர் முகத்துக்கு நேராக அந்தக் கூர் மெஷினில் ஸ்டென்சில் பொத்துக்கொள்வதைப் பார்க்கப்போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. உண்மையைச் சொன்னால் குஷிதான் அதிகம்.

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். தாலுகா ஆபீசில் நுழைந்ததும் சதாசிவம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வாய்யா பி.ஏ.! இன்னா, தலையெல்லாம் இப்பிடி நரச்சிப் போச்சி? இது உன் பொண்ணா? உக்காரும்மா. மெஷின மடியில வச்சிக்கினு வந்தீங்களாமே, கண்டக்டரு அதுக்கும் டிக்கெட்டு கேட்டானா?" என்றார். "கேட்டாருங்க. கைப்பிள்ளைக்கு டிக்கெட்டு ஏதுன்னு அப்பா சண்ட போட்டாரு" என்று நீ சொன்னாய். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆபீஸே சிரித்தது. இந்த முறை சிரித்தவர்களை எண்ண எனக்கு நேரமில்லை, கூர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மெஷின். நான் உட்கார்ந்த அதே மேசை.

எங்களுக்கு முன்பே வந்திருந்த கம்பெனிக்காரர் ஒரு நோட்டீஸ் வாசகம் கொடுத்தார். இரண்டு மெஷினிலும் அதையே அடிக்க வேண்டும். நீ முதலில் கூர் மெஷினில் உட்கார்ந்தாய். நீ அடிப்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு நீ அடித்ததுபோல் பார்த்ததில்லை. அச்சு தாளைத் தொட்டதும் திரும்பியது, ஒரே சீராக, தூறல் விழுவதுபோல. மெழுகு வெட்டுப்படவே இல்லை. சைக்ளோஸ்டைலில் போட்டு உருட்டினார்கள். முதல் தாளும் சுத்தம், கடைசித் தாளும் சுத்தம். ஒரு சுழிகூட அடைபடவில்லை. கம்பெனிக்காரர் நெற்றியைச் சொறிந்துகொண்டு, "இதுவும் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். சதாசிவம் மேசையைத் தட்டினார். "நா எப்பவும் சொல்றதுதான்யா. மெஷின்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கையில கீது!"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் எழுந்து நின்றேன். "இதையேதான் அன்னைக்கும் சொன்னீங்க. சொல்லி மெமோ குடுத்தீங்க. அந்த மெமோவாலதான் நான் வேலைய உட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "மெமோவா? நா உனக்கா? எப்பய்யா? நா எத்தினி பேருக்கு மெமோ எழுதியிருப்பேன், அதெல்லாம் ஞாபகம் வச்சிக்கினா சோறு எறங்குமா?" என்றார். பிலோமி, அவர் நடிக்கவில்லை. அவருக்கு நினைவே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் எடுத்துத் துடைத்து வைத்திருந்த ஒன்று அவரிடம் இருக்கவே இல்லை. அதைவிடப் பெரிய அவமானம் அவர் எனக்கு ஏற்கெனவே செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், உன் அறிக்கை அங்கேயே கிழிந்திருக்கும். நீ என் மணிக்கட்டைப் பிடித்து, "அப்பா, செத்த உக்காருப்பா" என்றாய். பிறகு அவரைப் பார்த்து, "சார், இப்ப நீங்க அடிங்களேன்" என்றாய்.

"நானா? நா ரெண்டு வெரல்ல குத்தறவன்மா."

"அதான் சார் வேணும்."

"சாரு அடிச்சா பக்கத்து ரூம்ல பல்லி உழும்மா" என்று ஒரு குமாஸ்தா சொல்ல, "நீ வாய மூட்றா" என்று சொல்லிக்கொண்டே சதாசிவம் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். கூர் மெஷினில் நான்கு வரி குத்தினார். ஸ்டென்சிலை எடுத்து உதறினாய். சுழிக்குள் இருந்த துண்டுகள் கேப்பை உமிபோல் மேசையில் உதிர்ந்தன. உருட்டி எடுத்த தாளில் எறும்பு மொய்த்திருந்தது. பிறகு நம் மெஷின். அதே நான்கு வரி, அதே இரண்டு விரல், அதே குத்து. உதறினாய். ஒன்றும் விழவில்லை. சைக்ளோஸ்டைலில் ஓடிய தாளை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். "அட! நா அடிச்சதாய்யா இது? ஒண்ணும் பொத்துக்கலியே! எனக்கோசரமே செஞ்ச மெஷினுடா இது!" என்றார். அவருக்கு வெட்கமில்லை, தோல்வியில்லை, சந்தோஷம். நான் காத்திருந்த முகம் அது இல்லை.

கம்பெனிக்காரரிடம் நீ சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "நா அடிச்சா ரெண்டுலயும் வரும் சார். அது பெருசில்ல. ஆபீசுல அடிக்கிறவங்க ஆற அமரவா அடிப்பாங்க? ஆபீசரு ஜல்தி ஜல்தின்னு தலமேல நின்னுகினு இருப்பாரு. பசி எடுக்கும். ஊட்ல ஏதாச்சும் பேஜாரு இருக்கும். கையி தானா கனத்துடும் சார். இந்த எழுத்து அவங்களுக்கு." சதாசிவம் அறிக்கையை எடுத்துத் தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். 'கை கனமானவர்களுக்கும் ஏற்றது.' பிழையில்லாத வாக்கியம். அந்த அளவுக்கு அவரை ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் இல்லை.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் டீக்கு நின்றது. நீதான் ஆரம்பித்தாய். "இன்னாப்பா, ஒண்ணும் பேசாம வர்றே?"

"கூர் மெஷின்ல நீ கொஞ்சம் அழுத்தி அடிச்சிருந்தா இன்னா? அந்த ஆளு சொன்னது சரின்னு எல்லாருக்கும் முன்னால காட்டிட்டியே."

"அழுத்தி அடிச்சா அது பொய்யிப்பா."

"அப்போ எனக்குக் கை கனம்னு நீயும் சொல்றே."

"கனந்தான்ப்பா. நீ அடிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதுக்கு மெமோ குடுத்தது சரின்னு நா சொன்னேனா? கையி கனமா கீறவன் இன்னா பண்ணுவான், கைய வெட்டிப் போட்டுடுவானா? எழுத்தத்தான் மாத்தணும்." டீயை ஊதிக்கொண்டே நீ இன்னொன்றும் சொன்னாய். "நா வேற யாரப் பாத்து வரஞ்சேன்னு நெனச்சிக்கினு கீறே? உன் கையப் பாத்துதான்ப்பா வரஞ்சேன்."

நான் எதிரே கடலைக்கடையில் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி வந்து உன் கையில் கொடுத்தேன். அதற்குமேல் எனக்கு என்ன செய்ய வருமென்று உனக்கே தெரியும். ஆனால் விழுப்புரம் வரும்வரை மடியிலிருந்த மெஷின் கனக்கவில்லை. என்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் என் வாழ்நாள் புகார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ஏழு வருஷம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த வேகத்தில் விழும், எங்கே ஓங்கும், எந்த எழுத்தில் ஆத்திரம் கூடும் என்று அளந்து, அதைத் தாங்குகிற மாதிரி ஒரு நாட்டுக்கே எழுத்து செய்திருக்கிறாள். இதைச் சொல்லிக்கொள்ள ஸ்டேஷன் சாலையில் எனக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லை. எல்லோரோடும் ஏதாவது ஒன்று இருக்கிறது. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

மெட்ராசில் படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து வரையப்போகிறாய். உன் எழுத்தைப் பார்த்து போண்டா என்று யாராவது சொல்வார்கள். சொன்னவன் பெயரை மனதில் எழுதி வைக்காதே. அந்த வேலைக்கு வீட்டில் நான் ஒருவன் போதும். ஆனால் சிரித்துச் சமாளிக்கிறேன் என்று உன் இடத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு கட்டம் உனக்கு என்றால் அந்தக் கட்டம் முழுவதும் உனக்கு. ர-வுக்கு நீ செய்ததை நீயும் செய்துகொள், காலை நன்றாக ஊன்றி உட்கார். பக்கத்தில் யாராவது நசுங்கிக்கொண்டிருந்தால் ண-வுக்குச் செய்ததைச் செய், உள்ளே கொஞ்சம் காற்று விடு. உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. நீ எழுத்துக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். கல்யாணப் பேச்சு வரும்போது வரட்டும், உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்திரிகையை மட்டும் அச்சுக்கூடத்தில் கொடுத்துவிடலாம், பூவும் கொடியும் போட்டு. பிரம்மதேசத்து மாமா வரட்டும்.

சதாசிவத்தை மன்னித்துவிட்டாயா என்று போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது கேட்டாய். இல்லை. அவர் மறந்துவிட்டார் என்பதற்காக நானும் மறக்க முடியாது, யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அவர் பெயர் வந்த இடமெல்லாம் ஓங்கித்தான் அடித்தேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "மெதுவா அடியேன், அக்கம்பக்கம் தூங்கவேணாமா?" என்று சத்தம் போட்டாள். பத்துக் கார்பன் வைத்து அடிக்கிற வேகத்தில் ஒற்றைத் தாளில் அடித்திருக்கிறேன், அதுவும் வீட்டில் இருப்பதிலேயே மெல்லிய தாள்.

தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார். எழுத்து எழுத்தாகப் புடைத்திருக்கும். எங்கேயும் பொத்திருக்காது.

உன் அப்பா